மூன்றாம் துளை

எங்கள் அத்தானுக்கு யாராவது ஒரு மாம்பழம் கொடுத்துவிட்டால் தொலைந்தது. மறுநாள் விடிந்ததும் கொடுத்தவர் வாசலில் ஒரு கூடை மாம்பழம் இருக்கும். கூடவே இரண்டு பூசணிக்காய், ஒரு கட்டுக் கீரை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். அதனால் அவருக்கு எதையும் கொடுக்க ஊரே பயந்தது. கொடுத்தால் அவரை ஓட்டாண்டி ஆக்கிவிடுவோமோ என்று பயம்.

அவர் என் அக்காவின் கணவர். எங்கள் தீவின் கடற்கரைப் பட்டணமான மாயெபூரிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அவருக்கு நாலு ஆர்ப்பான், ஏறக்குறைய நாலு ஏக்கர், கரும்பு நிலமும், ஒரு ஜோடி மாடும், வைக்கோல் கூரை போட்ட ஒரு வீடும் இருந்தன. உயரமான ஆள், குறைவான பேச்சு. வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அந்தச் சொம்பில் அவர் வீட்டுத் தண்ணீர் இருக்கும். எங்கே போனாலும் அதைத்தான் குடிப்பார். என் கல்யாணத்தில் மூன்று நாள் கோட்டை அடுப்பின் முன்னால் நின்று வெந்தார். ஐந்நூறு இலைக்குப் பரிமாறினார். பந்தி முடிந்து நான் தேடியபோது ஆளைக் காணோம். அக்காவைக் கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வருவார் என்றாள், சாதாரணமாக. மைத்துனன் கல்யாணச் சோறு அவருக்கு ஆகாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில்.

இது சாதி ஆசாரம் என்று சிலர் நினைத்தார்கள். எச்சில் பார்ப்பார் என்பது உண்மைதான். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வாயில் வைப்பது எங்கள் எல்லோருக்குமே கூச்சம், அவருக்கு இரண்டு மடங்கு. ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை. அவருடைய அப்பா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் வரிசையில் நின்று, துண்டை விரித்துப் பிடித்து, அரிசியும் பருப்பும் வாங்கியவர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் துண்டில் விழுவது பாதியாகும். முதல் ஆர்ப்பான் நிலம் கைக்கு வந்த அன்று, இனி நம் வீட்டில் யாரும் துண்டை விரிக்கக் கூடாது என்று மகனிடம் சொன்னாராம். மகன் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டார் என்றால், அது ஒரு மவுத் ஆர்கன்.

கரும்பு பூக்கிற மாதம் அது. மலைச்சரிவு முழுவதும் வெள்ளிப் பூவாக ஆடிக்கொண்டிருக்கும். நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தோன்றும். நானும் அவரும் மாயெபூர்ச் சந்தைக்குக் காய்கறிக் கூடைகளோடு போனோம். கடற்கரை ஓரமாகக் குறுக்கு வழி. காயலில் அலையே இல்லை. பனி மேலே எழும்பி, சிங்க மலை பாதியில் அறுந்து நின்றது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு படகு. அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அதை எப்படிச் சொல்வது? ஒரு சுரம் நேராகப் புறப்பட்டு, பாதியில் மனம் மாறி, வளைந்து கீழே இறங்கிற்று. அழுகை மாதிரி இருந்தது, கேலி மாதிரியும் இருந்தது. இங்கே மீனவர்கள் ஆடும் செகா ஆட்டத்துக்கு வாசிப்பது எங்களுக்குத் தெரியும், கோயிலில் நாதஸ்வரம் தெரியும். இது இரண்டிலும் சேரவில்லை. அத்தான் கூடையைத் தலையிலிருந்து இறக்க மறந்து நின்றார். சந்தை முடியப் போகுது அத்தான் என்றேன். அவர் காதில் விழவில்லை. கீரையெல்லாம் வாடிய பிறகுதான் நகர்ந்தோம்.

வாசித்தவன் பெயர் லினோ. கிரியோல் மீனவன், ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சம், அத்தானைவிடப் பத்து வயது சின்னவன். சில வருஷம் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவன். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பு மாலுமிகளிடம் அங்கே கற்றுக்கொண்டானாம். அதற்கு ப்ளூஸ் என்று பெயர் என்றான். நாம் கரும்பு வெட்டுகிற மாதிரி பருத்தி பறித்த ஜனங்களின் பாட்டு என்றான். அத்தான் அதைக் கேட்டுத் தலையாட்டினார். ரொம்ப நாளாகத் தெரிந்த செய்தி ஒன்றை யாரோ உறுதிப்படுத்தியது போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

மறுவாரம் சீனர் கடையில் ஒரு மவுத் ஆர்கன் வந்து சேர்ந்தது. தகர மூடி, நடுவில் மரக்கட்டை, பத்துத் துளை. கடைக்காரர் சரக்கு நல்ல சரக்கு என்று காட்டுவதற்காக அதை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து ஊதிக் காட்டினார். பாவம், அவருக்கு என்ன தெரியும். அத்தான் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் மஞ்சள் கேட்டார். ஒரு சட்டி வெந்நீரில் மஞ்சளை இடித்துப் போட்டு, மவுத் ஆர்கனை அதில் மூழ்கவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஊற வைத்தார். காலையில் எடுத்துக் கூரைமேல் புளியோடு சேர்த்துக் காயப்போட்டார். சுத்தமாகிவிட்டதில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

பிறகு தொடங்கிற்று கூத்து.

லினோ முதல் நாளே சொல்லிவிட்டான், இதை ஊதுகிறவன் ப்ளூஸ் வாசிக்க முடியாது என்று. "ராலே! பா சூஃப்லே!" இழு, ஊதாதே என்று அர்த்தம். எல்லோரும் மவுத் ஆர்கனை ஊதித்தான் பாட்டு எடுப்பார்கள். இந்தக் கறுப்பு மாலுமிகள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் சுரம் வளையும். அதுவும் மூன்றாவது துளையில். சூடான கஞ்சியை உறிஞ்சுகிற மாதிரி இழுத்து, தாடையைத் தளர்த்தி, நாக்கை மெல்ல உள்ளே வாங்க வேண்டும்.

அத்தான் ஊதினார். மறுபடி மறுபடி ஊதினார். ஏர் ஓட்டிய நெஞ்சு, காற்றுக்குப் பஞ்சமா? இழு என்று லினோ சொன்னால் தலையாட்டிவிட்டு இன்னும் பலமாக ஊதுவார். ஒரு மாதம் ஆன பிறகுதான் இழுக்கவே தொடங்கினார். முதல் துளையில் சத்தம் வந்தது. இரண்டாவதிலும் நான்காவதிலும் வந்தது. மூன்றாவதில் இழுத்தால் வெறும் காற்று. லினோவிடம் கேட்டபோது, மூன்றாவதுதான் எல்லோருக்கும் கஷ்டம், சில பேருக்கு ஆறு மாதம்கூட ஆகும் என்றான். கொடுங்கள், நான் பார்க்கிறேன் என்று கை நீட்டினான். அத்தான் மவுத் ஆர்கனை இடுப்பில் செருகிக்கொண்டார். இன்னொரு தரம் அதை மஞ்சள் தண்ணீரில் போட அவருக்குச் சோம்பலாக இருந்திருக்கும் என்று நான் கேலி செய்தேன். உண்மையில் சோம்பல் கிடையாது. வாரம் ஒரு முறை வெள்ளிக்கிழமை தவறாமல் முழுக்காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

பாடத்துக்குப் பதிலாக லினோ வீட்டுக்கு வாழைத்தாரும் கத்தரிக்காயும் போய்க்கொண்டே இருந்தன. அவன் மனைவி வைக்க இடம் இல்லாமல் அக்கம்பக்கத்துக்கு வாரிக் கொடுத்தாள். அவள் வறுத்த மீனைத் தட்டில் கொண்டுவந்தால் மட்டும் அத்தான் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் லினோ என்னைத் தனியே நிறுத்தி, நாங்கள் கிரியோல்காரர்கள் என்பதாலா என்று கேட்டான். முகம் இறுகியிருந்தது. அடப் பாவி, நான் அவர் பெண்டாட்டியின் தம்பி, என் வீட்டிலேயே அவர் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை என்றேன்.  அப்படியென்றால் பாவம் அந்த மனுஷன் என்றான் லினோ.

சாயங்காலங்களில் கரும்புக்குள்ளிருந்து அந்த இழுப்புச் சத்தம் வரும். ஆள் தெரியாது. வெள்ளிப் பூக்கள் அசையும், அடியில் எங்கோ ஒருவர் மூச்சை இழுத்து இழுத்து விடுவார். சுகமாகத்தான் இருக்கும், சொல்லப்போனால். அரைத்தூக்கத்தில் கேட்டால் கரும்பே மூச்சு விடுவதாகத் தோன்றும். பிறகு மூன்றாவது துளை வரும், வெறும் காற்று வரும். "சே" என்று ஒரு குரல் கேட்கும். எட்டு மாதம் அப்படித் தன் வாயைத் திட்டிக்கொண்டார் அவர்.

காவடி முடிந்து ஒரு வாரத்தில் புயல் அடித்தது.

ஒரு பகலும் ஓர் இரவும். விடிந்தபோது கரும்பு முழுக்கத் தரையோடு படுத்திருந்தது. அத்தான் வீட்டுக் கூரை பறந்துபோய்ப் பின்பக்கச் சுவரும் விழுந்திருந்தது. எங்கள் வீடு பள்ளத்தில் இருந்ததால் தப்பித்தது. ஊரில் பாதி வீடுகளின் கதி அதுதான். புயலுக்குப் பிறகு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்பித்தவன் வைக்கோலும் அரிசியும் தூக்கிக்கொண்டு தப்பிக்காதவன் வீட்டுக்குப் போவான். கேட்க வேண்டியதில்லை. அடுத்த புயலில் யார் முறை என்று யாருக்குத் தெரியும்?

அத்தான் முதல் ஆளாக நான்கு வீட்டுக்குக் கூரை வேய்ந்தார். தன் வீட்டுக்கு வந்தவர்களை மட்டும் படலிலேயே நிறுத்திவிட்டார். நான் கொண்டுபோன அரிசி மூட்டையை அவரே தோளில் தூக்கி வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் சொந்த அக்காவுக்கு நான் கொடுத்த அரிசி! அவரும் அக்காவும் இரண்டு பெண் குழந்தைகளும் வண்டியைச் சாய்த்து அதன் அடியில் படுத்தார்கள். மழை நிற்கவில்லை. ஒன்பதாவது நாள் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது.

 அக்கா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மனைவி சின்னவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குழந்தைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"கொடுக்கிறவனுக்கு மட்டும்தான் மானம் இருக்கா? ஆசையா கொண்டுவந்தவங்களைப் படல்லயே நிறுத்தி அனுப்புறாரே, அவங்களுக்கு மானம் இல்லையா? எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னா அது வீடா? இந்த வீட்டுல உக்காந்து, எனக்குச் சோறு வேணும்னு அவர் வாயால கேட்டுச் சாப்பிடட்டும். அன்னிக்கு நான் போறேன். அதுவரைக்கும் யாரும் என்கிட்ட வராதீங்க."

அவள் பிடிவாதமும் லேசுப்பட்டது இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அத்தான் வந்தார். கையில் ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கு. புயல் அவருக்கு மிச்சம் வைத்தது அது ஒன்றுதான். அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். என் மனைவி பாயை விரித்தாள். உட்காரவில்லை, முற்றத்திலேயே நின்றார். கன்னம் ஒட்டி, நெஞ்செலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். வீட்டுக்கு வரச் சொல் என்றார். அக்கா உள்ளே இருந்தபடியே, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ஆச்சு என்றார். அது பச்சைப் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா கதவைச் சாத்திவிட்டாள். அவர் கிழங்கை இறக்கி வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படியே மூன்று வாரம் ஓடிற்று. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். கல்லில் நார் உரிக்க முடியுமா? தாலி கட்டியவளை இப்படி இழந்துவிடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. கடைசியில் ஒரு நாள், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அவரைத் தேடிப் போனேன். ஆள் மாயெபூரில் லினோவின் படகைச் செப்பனிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வார்!

மத்தியானம் சாய்ந்த நேரம். கவிழ்த்துப் போட்ட படகின்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்கிக் காயல் முழுவதும் தேன் நிறமாகியிருந்தது. தூரத்தில் பவளப் பாறையில் அலை உடைவது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, சத்தம் மட்டும் நேரம் கழித்து வந்தது. வாதாடத் தயாராகப் போன எனக்கு வார்த்தையே மறந்துவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அத்தான் இடுப்பிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்தார். மூன்றாவது துளையில் ஒரு தரம் இழுத்தார். வெறும் காற்று.

"என் வாய்க்கு இது வராது. நான் விட்டுர்றேன்" என்று சொல்லி, அதை லினோவின் மடியில் வைத்தார். "நீயே வச்சுக்க."

அதையும் கொடுத்தார் பாருங்கள். வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே பொருளையும்.

லினோ எதையும் யோசிக்காமல் எடுத்து வாயில் வைத்தான். மூன்றாவது துளையில் இழுத்தான். காற்று. நெற்றியைச் சுருக்கினான். இன்னொரு தரம் இழுத்தான். காற்று. மீன் கத்தியை எடுத்துத் தகர மூடியை நெம்பினான். உள்ளே மரக்கட்டை தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. பித்தளை நாக்குகளின்மேல் மஞ்சள் படிந்து கெட்டியாகியிருந்தது. மூன்றாவது நாக்கு அசையவே வழியில்லாமல் ஒட்டிக் கிடந்தது. இது என்ன வண்ணம் என்று கேட்டான் லினோ. நான் விஷயத்தைச் சொன்னேன். எச்சில், மஞ்சள், வெள்ளிக்கிழமை முழுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமி, படகிலிருந்து மணலில் விழுந்தான்.

அத்தான் சிரிக்கவில்லை. அந்த மஞ்சள் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாகத் தன் வாயில் குறை என்று நினைத்திருந்தார். குறை வாயில் இல்லை.

லினோ எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு தன் மவுத் ஆர்கனை எடுத்தான். ஒரு நிமிஷம் வாசித்தான். அந்தப் பழைய சத்தம், பனியில் கேட்ட அதே வளைவு. வாசித்த ஈரத்தோடு அதை அத்தான் பக்கம் நீட்டினான்.

"ராலே" என்றான்.

அத்தான் அதைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். பார்க்கப் பயமாக இருந்தது எனக்கு. அவர் துண்டால் துடைப்பார் என்று எதிர்பார்த்தேன். துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்து, மூன்றாவது துளையில் இழுத்தார்.

வந்தது. சின்னதாக, கரகரப்பாக, ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி வந்து, மெல்ல வளைந்து கீழே இறங்கிற்று. அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்ப இழுத்தார், திரும்ப வந்தது. மூச்சு முட்டும்வரை இழுத்துக்கொண்டே இருந்தார்.  உங்களுடையது காய்கிறவரைக்கும் இது உங்களிடமே இருக்கட்டும் என்று கடைசியில் லினோ சொன்னான். அத்தான் அதை மடியில் செருகிக்கொண்டார்.

மவுத் ஆர்கன் வாசித்து மனம் திருந்தினார் என்று நான் கதை கட்ட வரவில்லை. அவர் உள்ளுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அவரும் கடைசிவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் வாசித்தார். அந்த ஒரு வளைவைத் தாண்டி அவருக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இருவரும் ஊருக்கு நடந்தோம்.  படுத்த கரும்பிலிருந்து புதுத் துளிர் நிமிர ஆரம்பித்திருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்புகிற முக்கு வந்தது. திரும்பவில்லை. என்னோடேயே வந்தார். எங்கள் படலுக்குள் நுழைந்தபோதுதான் கவனித்தேன், கூடை இல்லை, கீரை இல்லை, இரண்டு கையும் வெறுங்கையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நான் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவேன் என்று பானையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அக்கா மட்டும் கடைசியாக அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, பாதி சாப்பிட்டிருந்தாள். அத்தான் குனிந்து சமையல்கட்டுக்குள் போனார். அவள் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். 

"சோறு இருக்கா?" என்றார்.

என் மனைவி பதறிப்போய் உலை வைக்க எழுந்தாள். அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். அவள் கண் அவரை விட்டு நகரவில்லை. தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை, பிசைந்த சோறும் பருப்புமாக, மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள். புருஷன் தட்டில் மிச்சத்தைப் பெண்டாட்டி சாப்பிடுவாள். இப்படி நடந்து நான் எங்கும் பார்த்ததில்லை.

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையை வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பசி என்றால் அப்படிப் பசி. பாதியில் நிறுத்தி, தலையை நிமிர்த்தாமலே, "கொஞ்சம் உப்பு குடு" என்றார்.

அக்கா எழுந்து மூலைக்குப் போனாள். உப்புச் சட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சத்தமில்லாமல் அழுதாள். அவர் அவசரப்படவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல், உப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.